நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம்



மதில் கட்டிய ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மதில் என்றால் நமக்கு வரும் நினைவுகள் வேறு. 1989இல் எழுப்பப்பட்டு, 2008 மே 6ஆம் நாள் ஒரு பகுதி இடிக்கப்பட்ட உத்தப்புரம் சுவர். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் வீடுகள்மேல் சரிந்து 17 பேரைக் கொன்ற சுவர். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் நம்மைத் தனியே கிடத்தக் கட்டிய சுவர். இத்தனைக்கும் பிறகு எருசலேமின் மதிலைக் கட்டியவரிடம் நமக்கு என்ன வேலை?

நெகேமியா பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் பானபாத்திரக்காரர். காலம் கி.மு. 445. சொந்த ஊரின் மதில் இடிந்து, வாசல்கள் தீக்கிரையாகிக் கிடக்கின்றன என்று கேட்டதும் உட்கார்ந்து அழுதார். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று அரசன் கேட்டபோது மிகவும் பயந்தார். அதை அவரே எழுதுகிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு ஜெபம் செய்கிறார். முழங்கால் போட நேரமில்லாத ஜெபம். காவல் நிலையத்து வாசலில், தாசில்தார் அறைக்கு வெளியே நம் தாய்மார் வாய்க்குள் முணுமுணுக்கிறார்களே, அந்த ஜெபம். பயம் போனபின் வந்த தைரியம் அல்ல அது. பயத்தோடேயே வாயைத் திறந்தார்.

எதிரிகளின் மிரட்டல் வந்தபோதும் ஜெபித்தார், கூடவே இரவும் பகலும் காவல் வைத்தார். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டுவிடவில்லை. 52 நாளில் மதில் முடிந்தது. இதைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம், குறிப்பாக ஆலயக் கட்டட நிதி திரட்டும் மாதங்களில்.

கட்டியவர்களின் பட்டியலான மூன்றாம் அதிகாரத்தை அவ்வளவாக வாசிப்பதில்லை. தெக்கோவா ஊரார் கட்டினார்கள், அவர்களின் பெரிய மனிதர்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்தவர் யார் தெரியுமா? மல்கியா, ஒரு மாகாணத்தின் பிரபு. குப்பை என்றதும் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று அறிந்த நாம் அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

ஆனால் நம் புத்தகம் ஐந்தாம் அதிகாரம்தான். மதில் பாதி எழும்பியிருக்கிறது. வெளியே சன்பல்லாத்தும் தொபியாவும் படை திரட்டுகிறார்கள். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கூக்குரல். ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் கத்துகிறார்கள். எதிரிக்கு எதிராக அல்ல, சொந்தச் சகோதரருக்கு எதிராக. பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம். ராஜாவின் வரிக்குக் கடன் வாங்கினோம். எங்கள் பெண்பிள்ளைகள் அடிமைகளாகப் போய்விட்டார்கள். எங்கள் உடம்பும் அவர்கள் உடம்பும் வேறா, எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் வேறா என்று கேட்கிறார்கள்.

நெகேமியா கோபப்பட்டார். பிறகு மனதுக்குள் ஆலோசித்தார். பிறகு பெரிய மனிதர்களையும் அதிகாரிகளையும் சபை கூட்டி, எல்லார் முன்பாகவும் கேட்டார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்ததையும் மறைக்கவில்லை. நிலத்தையும் தோட்டத்தையும் வீட்டையும் வாங்கிய வட்டியையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்றார். வாய்ச்சொல்லை நம்பாமல், ஆசாரியர்களை அழைத்து ஆணையிட வைத்தார்.

இந்த மனிதரை முழுசாக ஏற்கிறோமா? இல்லை. அதே நூலின் கடைசி அதிகாரத்தில், வேற்றினப் பெண்களை மணந்தவர்களை அடித்து, மயிரைப் பிய்க்கிறார். அகமணமே சாதியின் அடிப்படை என்று 1916இலேயே அம்பேத்கர் எடுத்துக்காட்டியிருக்க, அந்த நெகேமியாவோடு நமக்கு உறவில்லை. வேதாகமத்தில் வரும் தலைவர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனாலும் ஐந்தாம் அதிகாரத்து நெகேமியா நமக்கு வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியாக ஏற்கவில்லை. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தும் நாம் வெளியேதான் நிற்கிறோம். இதற்காகத் திருச்சபைத் தலைவர்கள் நம்மோடு வீதிக்கு வருகிறார்கள். வரட்டும், வரவேண்டும். கல்லறைச் சுவரைப் பற்றி, குருத்துவப் பயிற்சியில் நம் பிள்ளைகளுக்குள்ள இடத்தைப் பற்றி, பங்குத் திருவிழாவில் தேர் நம் தெருவுக்கு வராததைப் பற்றிக் கேட்டால்தான் முகம் மாறுகிறது. "வெளியே அரசாங்கத்தோடு போராடும்போது வீட்டுச் சண்டை எதற்கு? முதலில் அது முடியட்டும்" என்கிறார்கள்.

நெகேமியாவுக்கும் வெளியே சன்பல்லாத்து நின்றுகொண்டுதான் இருந்தார். மதில் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்ல அவருக்கும் காரணம் இருந்தது. அவர் சொல்லவில்லை. அவரை அப்படிச் சொல்லவிடாமல் செய்தது அந்தக் கூக்குரல். மல்கியாவின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. கூக்குரலிட்ட பெண்களில் ஒருவர் பெயரும் அந்த அதிகாரத்தில் இல்லை. சபை கூட முன்பே அவர்கள் பேசிவிட்டார்கள்.