எந்த முனையிலிருந்து அளப்பீர்கள்?

(எரியோட்டில் நடந்த பொறியியல் மாணவர்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏழு நாள் முகாமுக்கு வந்திருக்கீங்க. தண்ணித்தொட்டி, கழிப்பறை, சமுதாயக்கூடம் இதையெல்லாம் மக்களுக்கு உகந்ததாக எப்படி வரைவது என்று பயிற்சி. நல்ல காரியம். நான் இஞ்சினியர் இல்லை. பேங்க் கிளார்க், கவிதை எழுதுகிறவன். கட்டடங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதியில் பிறந்தவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் நான் உட்கார்ந்த கவுண்டர் ஆள் நெஞ்சு உயரம். மேலே கண்ணாடி, நடுவில் ஓட்டை. முதியோர் பென்ஷன் வாங்க வரும் கிழவிகளின் கை மட்டும்தான் உள்ளே வரும், முகம் தெரியாது. "ரேகையை வை, அடுத்த ஆளு" என்று தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உள்ளே வந்த கையில் பழக்கமான தீக்காயத் தழும்பு. எழுந்து எட்டிப் பார்த்தால் என் அம்மாச்சி. "நீதான் உள்ள இருக்கேன்னு தெரியும்யா. எட்டலை" என்றாள். ரெண்டு வருசமாக எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் நான் உள்ளே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கவுண்டரை வரைந்தவரும் உள்ளே உட்கார்ந்துதான் வரைந்திருக்கிறார்.

'மக்கள்' என்கிறோமே, அது யார்? பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எல்லாம் நமக்கும் பொது என்று 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற வைத்தார் இரட்டைமலை சீனிவாசன். 1950-இல் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவும் அதைச் சொன்னது. சட்டம் கதவைத் திறந்தது. கதவை எங்கே வைப்பது என்பதை உங்கள் பென்சில் தீர்மானிக்கிறது. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று வரைவதை வசதி என்கிறார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. எல்லோரும் ஒரே தொட்டியில் குடித்திருந்தால் அது நடந்திருக்குமா? யோசியுங்கள்.

வேறு மாதிரி வரைய முடியாதா? முடியும். 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. திட்டப்படி 100 வீடுகள்: தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. சமுதாயக்கூடமும் சுடுகாடும் எல்லோருக்கும் பொது. அதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஊர், சேரி என்று கோடு கிழிக்காமலும் ஒரு குடியிருப்பை வரையலாம் என்று காட்டியது.

அடுத்து கழிப்பறை. செப்டிக் டேங்க் வரைகிறீர்கள். நிரம்பினால் யார் இறங்குவது? அந்த ஆள் வரைபடத்தில் இல்லை. ஆனால் அவன் சாதி அதில் இருக்கிறது. ஆளை இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. சாக்கடைக்குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியது, சாவு நிற்கவில்லை. மண்ணும் நிலத்தடி நீரும் இடம்கொடுக்கிற ஊரில் இரட்டைக் குழி வரையுங்கள். ஒன்று நிரம்பினால் அடைத்துவிட்டு அடுத்ததுக்கு மாற்றலாம். மூடிய குழி ரெண்டு வருசம் கிடந்தால் எருவாகிவிடும். மலத்தை அள்ள ஒரு சாதி வேண்டாம்.

நாளைக்கு டேப்பைப் பிடிக்கும்போது பேரூராட்சி ஆபீஸ் வாசலிலிருந்து ஆரம்பிக்காதீங்க. காலனியின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பிங்க. குடம் தூக்கிப் போகிற அக்காகூட நடந்து எட்டுகளை எண்ணுங்க. தண்ணி எந்நேரம் வருது, கூடத்துச் சாவி யார் கையில, பிணம் எந்த வழியாப் போகுது, கேளுங்க. அப்புறம் வரையுங்க. வரைந்ததை அந்த அக்காவிடமே காட்டி, அடித்துத் திருத்தச் சொல்லுங்க. அவர் அடிக்கிற கோடுதான் உங்கள் படிப்பு.

எங்க பேங்க்கில் இப்போது கவுண்டர் தாழ்ந்திருக்கிறது. அதைப் பார்க்க அம்மாச்சி இல்லை. நீங்கள் கட்டுவது யாருக்கும் இப்படிப் பிந்தி வரக்கூடாது.

ஜெய்பீம்.