எழுத்தா, படமா?



ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் நாங்கள் பணிபுரியும் பள்ளியின் பெயரில் தோட்டம் இன்னும் இருக்கிறது, பால்மரங்கள்தாம் இல்லை. முன்பெல்லாம் பெற்றோருக்குச் செய்தி என்றால் பிள்ளைகளின் கையில் கடிதம் கொடுத்தனுப்புவோம். இப்பொழுது பள்ளியின் அகப்பக்கத்தில் போட்டுவிடுகிறோம். கைப்பேசி இல்லாத வீடு ஏது?

சென்ற ஆண்டு, சீருடை உதவிக்குப் பெயர் கொடுக்கவேண்டிய கடைசி நாளை அப்படித்தான் அறிவித்தோம். பொன்னிறப் பின்னணி, மாவிலைத் தோரணம், வளைந்து நெளிந்த எழுத்து. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் இரண்டு குடும்பங்கள் பெயர் கொடுக்கவில்லை.

ஒரு வீட்டில் பேரனை வளர்ப்பவர், ஒரு காலத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி. எழுத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாராம். பாதி திரைக்கு வெளியே ஓடிற்று, மீதி மங்கிப் போயிற்று. மற்றவர் பிரிக்பீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்யும் பார்வையற்ற தந்தை. அவருடைய கைப்பேசி, திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டு வாசிக்கும். எங்கள் அறிவிப்புக்கு வந்ததும் "படம்" என்று ஒரே ஒரு சொல் சொல்லி நின்றுவிட்டது. பிறகு சங்கத்தாரிடம் பேசிச் சீருடை வாங்கிக் கொடுத்தோம் என்றாலும், பள்ளி திறந்து மூன்று வாரம் இரு பிள்ளைகளும் பழைய சட்டையில் வந்தார்கள்.

தவறு எங்களுடையது. எழுத்தை எழுத்தாகப் போடாமல், அறிவிப்பு முழுவதையும் ஒரே படமாக்கிப் போட்டிருந்தோம். நாம் அமைத்த அழகு ஒரு புள்ளிகூட மாறக்கூடாது என்ற ஆசைதான்.

தமிழர்களிடம் இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு நியாயமும் உண்டு. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பல்வேறு குறியீட்டு முறைகளில் இருந்தன. எழுதியவரிடம் உள்ள எழுத்துரு வாசிப்பவரிடம் இல்லையென்றால், திரையில் வெறும் கிறுக்கல்தான். படமாகப் போட்டால் எல்லாருக்கும் தெரியும். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-ல் உருவாக்கிய முரசு மென்பொருள் போன்ற முயற்சிகளால் தமிழ் கணினியில் ஏறியது. 1991-ல் வெளிவந்த யூனிகோட் முறையின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. கருவிகள் எல்லாம் அதைப் புரிந்துகொள்ள மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று அந்தத் தடை நீங்கிவிட்டது. பழக்கம் மட்டும் மிச்சம்.

அப்படியானால் அழகே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஹோக்கன் வியும் லீ என்ற நார்வே நாட்டவர் 1994-ல் ஒரு வழி சொன்னார். எழுத்து வேறு, அதற்கு உடுத்தும் அலங்காரம் வேறு என்று பிரித்து வைக்கும் முறை அது, பெயர் சி.எஸ்.எஸ். பக்கத்தை அமைப்பவர் தம் விருப்பத்தைச் சொல்லலாம்; வாசிப்பவரும் தமக்கு வேண்டிய அளவையும் நிறத்தையும் சொல்லலாம். இருவருமே பிடிவாதம் பிடித்தால்? 1996-ல் வந்த முதல் பதிப்பில் அமைப்பவர் சொல்லே வென்றது. 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைத் திருப்பி, வாசிப்பவர் சொல்லே செல்லும் என்று வைத்தார்கள். லயத்து வீட்டின் சுவரைத் துரை கட்டினாலும், பாயை எங்கே விரிப்பது என்பது நம் பாடு அல்லவா? அதுபோலத்தான்.

அகப்பக்கங்களுக்கு 2008-ல் வெளிவந்த உலக வழிகாட்டி நெறிகள், எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் குலையக்கூடாது என்கின்றன. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாது. நமக்குப் பிடித்த மஞ்சளும் வெள்ளையும் இதில் தேறுவதே இல்லை! அதே 2008-ல் வந்த நம் நாட்டு மாற்றுத் திறனாளிகள் சட்டமும், தகவல் அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்கிறது.

உங்கள் ஊர்க் கோயில், சங்கப் பக்கங்களையும் சோதித்துப் பாருங்கள். ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்தி வையுங்கள். அந்தச் சொல் மட்டும் தனியே பிடிபட்டால், பெரும்பாலும் அது எழுத்து. அறிவிப்பு முழுவதும் ஒன்றாகப் பிடிபட்டால், படம். படத்தில் உள்ள எழுத்தைக் கண்டுபிடித்து வாசிக்கும் கருவிகளும் இப்போது உண்டு; அலங்கார எழுத்தென்றால் அவை தடுமாறுகின்றன.

இவ்வாண்டு விளையாட்டுப் போட்டி அறிவிப்பில் நாள், நேரம் எல்லாவற்றையும் எழுத்தாகவே போட்டோம். மேலே ஒரு மாணவி வரைந்த மயில் படம். அதற்கு, 'தோகை விரித்த மயில்' என்று வாசிப்புக் கருவிக்கான குறிப்பும் சேர்த்தோம். மறுநாளே அந்தத் தந்தை தொலைபேசியில் அழைத்தார். "தேதி கிடைத்தது, ஆசிரியரே. மயில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?" என்று கேட்டார்.