தொண்டை நோயும் எந்திரக் கை அறுவையும்

(வெள்ளி விழா உடல்நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இச்சங்கத்தின் விடுதியில் தங்கிப் பயின்று, இன்று மருத்துவப் பணியாற்றும் எங்களை இவ்விழாவில் பேசப் பணித்தமைக்கு நன்றி. சென்ற ஆண்டு இவ்விடுதி மாணவர் ஒருவர் அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலுமாக அல்லலுற்றார். பள்ளி நாட்கள் பல வீணாயின. ரோபோவைக் கொண்டு அறுவை செய்தாலன்றி நோய் தீராது என்று தனியார் மருத்துவமனை ஒன்றில் கூறினராம். இருந்த அரை ஏக்கர் நிலத்தை ஈடு வைக்க முனைந்த தந்தையார், அதற்கு முன் எங்களைத் தேடி வந்தார். அவர்க்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்ல விழைகின்றோம்.

தொண்டையின் இருபுறமும் உள்ள சதைகளே டான்சில். ‘உள்நாக்கு வளர்ந்துவிட்டது’ என்று நம்மூரில் கூறுவர். உள்நாக்கு வேறு, டான்சில் வேறு. தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது, தானே ஆறும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரால் வருவதையோ புறக்கணித்தல் ஆகாது. அது சிலர்க்கு வாதக் காய்ச்சலை உண்டாக்கி இதய வால்வுகளைச் சிதைக்கும். ஓரறையில் பலர் நெருங்கி உறங்கும் வீடுகளில் எளிதில் பரவுவதால், ஏழை மக்களையே இது மிகுதியும் தாக்குகின்றது. வலி தொடங்கிய 9 நாட்களுக்குள் மருத்துவர் சொற்படி பெனிசிலின் மாத்திரையைத் தொடங்கி, 10 நாட்களும் உட்கொண்டால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். வலி நின்றதும் மருந்தை நிறுத்துவதே நாம் செய்யும் பெரும்பிழை.

அறுவை எப்போது தேவை? 1984-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பாரடைஸ் என்னும் மருத்துவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வின் அளவுகோலே இன்றும் வழிகாட்டுகின்றது. ஓராண்டில் 7 முறை, அல்லது ஈராண்டு தொடர்ந்து ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூவாண்டு தொடர்ந்து ஆண்டுக்கு 3 முறை கடுமையாக நோயுற்றால் அறுவையைக் கருதலாம்.

இனி ரோபோவைப் பற்றி ஒரு சொல். அது தானே அறுப்பதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து தம் கைகளை அசைக்க, நோயாளியின் வாய்க்குள் எந்திரக் கைகள் அவ்வாறே அசைகின்றன. தொண்டைக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2009-இல் இசைவளித்தது. நாவின் அடியில், நேரே எட்டாத இடத்தில் உள்ள புற்றுக்கட்டியைத் தாடையைப் பிளக்காமல் அகற்ற இது அரிய கருவி. சாதாரண டான்சிலோ வாயைத் திறந்தால் தெரியும், கைக்கருவிக்கு எட்டும். அரசு மருத்துவமனைகளின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுகளில் அவ்வறுவை அன்றாடப் பணி. எம்முறையில் அறுத்தாலும் முதல் நாளிலும், 5 முதல் 10 நாட்களுக்குள்ளும் குருதி கசியக்கூடும். கசிந்தால் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

புதுக்கருவி நமக்கு வேண்டாவென்பது எங்கள் கருத்தன்று. சென்னை ஓமந்தூரார் வளாக அரசு மருத்துவமனையில் 2022-இல் ரோபோ நிறுவப்பெற்றது. உரிய நோய்க்கு அதனைப் பெறுதல் நம் உரிமை. தேவையற்ற நோய்க்கு நிலத்தை இழத்தல் மடமை.

அம்மாணவர் ஓராண்டில் நோயுற்றது 4 முறையே. முந்தைய ஆண்டுகளில் அதுவும் இல்லை. மருந்தை முறையாக உட்கொண்டார், தேர்வும் எழுதினார். நிலமும் தந்தையாரிடமே உள்ளது.

தாய்மார்களே! பிள்ளைக்குத் தொண்டை வலி வந்த நாளையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதனை மருத்துவரிடம் காட்டி, ‘எதற்காக இவ்வறுவை?’ என்று வினவுங்கள். அவ்வாறு வினவும் துணிவைத் தருவதற்கன்றோ இச்சங்கம் கல்வி புகட்டுகின்றது!