பெட்டியில் கிடக்கும் காகிதம்

(பிரிக்பீல்ட்ஸ் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் பட நிலையம், போர் நடந்த 1943-ல், தன் ஊழியர்களுக்கு ஒரு சிறு கையேடு கொடுத்தது. வேலை விதிகளும் சலுகைகளும் வேடிக்கைப் படங்களோடு அதில் அச்சாகியிருந்தன. இன்று அதைப் பணம் கொடுத்து வாங்கிச் சேர்க்கிறார்கள். படத்துக்காக மட்டுமல்ல. அந்நிலையத்தின் மாடிக் கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதையும் அது சொல்லிவிடுகிறது. முதலாளி அச்சிட்ட காகிதமே முதலாளியைப் பற்றிச் சாட்சி சொல்கிறது!

அங்கே சித்திரக்காரர்கள் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் தொடங்கியது 1941 மே 29-ல். அதே மே மாதம் நம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களும் கொதித்தன. கூலி உயர்வு கேட்டோம்; பிள்ளைகளுக்குப் படிப்புக் கேட்டோம்; கள்ளுக்கடையை மூடச் சொன்னோம்; துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு வேண்டாம் என்றோம். பட்டாளம் வந்தது. தொழிலாளர் உயிர் போயிற்று. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

அவர்கள் காலத்துக்குக் கையேடு இருக்கிறது. நம் காலத்துக்கு என்ன இருக்கிறது?

1942, 1943-ல் சயாம்-பர்மா ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கல்லில் பெயர் உண்டு. ஏனெனில் அவர்களுடைய அதிகாரிகள் இறந்தவர் பெயரை எழுதி வைத்தார்கள். அங்கே மாண்ட நம்மவருக்குப் பெயர்க்கல் எங்கே? எழுதி வைத்தவர் யார்?

தோழர்களே, தோட்டம் கைமாறும்போது பழைய செக்ரோல் புத்தகங்கள் ஆபீஸ் பின்புறம் எரிவதைக் கண்டவன் நான். அது வெறும் கணக்கல்ல. இன்னார் இந்த மண்ணில் இத்தனை நாள் பால் வெட்டினார் என்பதற்கு, துரை கையெழுத்திட்ட அத்தாட்சி அது.

ஆகவே வீட்டுக்குப் போனதும் பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டு, ரேஷன் அட்டை, கப்பல் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, ஜப்பான் நோட்டு, எதையும் வீசாதீர்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். ஈரம் படாமல் வையுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று தனித் தாளில் எழுதிச் சேருங்கள். கிளைச் செயலாளரிடம் ஒரு நகல் கொடுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

நோட்டு வியாபாரி வந்து விலை பேசுவான். அவனுக்கு அது சரக்கு. நமக்கு அது பாட்டன் பெயர்.