கேட்டு உண்ணும் நோன்பு
(திருவண்ணாமலையில் நடைபெற்ற விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அயல்நாட்டில் நம் உணவு நெறி" என்பது எனக்கு அளிக்கப்பெற்ற பொருள். அது மிகப் பரந்த பொருளாதலின், ஒரு நாட்டையும் ஒரு மொழியையும் மட்டும் எடுத்துக்கொண்டு பேச விழைகின்றேன். அந்நாடு லிதுவேனியா. பால்டிக் கடலோரத்தில் அமைந்த அந்நாட்டின் மக்கள்தொகை 30 இலட்சத்துக்கும் குறைவு. 1579-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வில்னியுஸ் பல்கலைக்கழகமும், கௌனஸ் நகரின் மருத்துவப் பல்கலைக்கழகமும் அங்குள்ளன. நம் நாட்டு மாணவர் பலர் அங்குப் பயிலச் செல்கின்றனர். இப்பகுதிக் குடும்பங்களிலும் இத்தகைய பயணப் பேச்சு எழுங்கால், பெற்றோர் உள்ளத்தில் முதலில் தோன்றும் வினா கல்விக் கட்டணத்தைப் பற்றியதன்று, "பிள்ளை அங்கே என்ன உண்பான்?" என்பதே.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. "தன் அறையிலேயே சமைத்து உண்ணட்டும்" என்பது ஒன்று. நல்ல விடையே. ஆயினும் பல்லாண்டுக் கல்வி வாழ்க்கை ஓர் அறைக்குள் அடங்குவதன்று. தேர்வு முடிந்த நாளில் தோழர்கள் அழைப்பர், பயணத்தில் பசி எடுக்கும், ஆசிரியர் விருந்தளிப்பார். எப்போதும் போகாதிருந்தால் பிள்ளை தனிமைப்படுவான். போய் வாய் திறவாதிருந்தால் நோன்பு கெடும். "ஆங்கிலம் போதுமே" என்பது மற்றொன்று. பெருநகரங்களில் இளைஞர் ஆங்கிலம் அறிவர் என்பது உண்மை. ஆனால் சிற்றூர் உணவகத்தில் பரிமாறும் மூதாட்டியும், அடுக்களையில் நிற்கும் சமையலரும் அதனை அறிந்திருப்பர் என்று நம்பியிருத்தல் இயலாது.

அன்றியும், "சைவ உணவு" என்று நாம் சொல்வதும் அவர்கள் கருதுவதும் ஒன்றல்ல. முட்டை உண்பவரையும் அவர்கள் அப்பெயராலேயே அழைப்பர். நம் நாட்டுப் பொட்டலங்களில் காணும் பச்சைப் புள்ளி அங்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 திசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒவ்வாமை தரும் 14 பொருள்களை உணவகங்களும் தெரிவிக்கவேண்டும் என்கிறது. முட்டை, மீன், நண்டு வகை, பால் ஆகியன அப்பட்டியலில் உள. இறைச்சி அதில் இல்லை, தேன் இல்லை, வெங்காயமும் பூண்டும் இல்லை. அது நோயாளியைக் காக்க எழுந்த சட்டம். நோன்பியைக் காக்க எழுந்ததன்று. நம் பச்சைப் புள்ளியும் முழுத் துணையன்று. தேன் குப்பியின் மேலும் அது உண்டல்லவா? ஆகவே எந்நாட்டிலும் நம் நோன்புக்குக் காவல் நம் வாய்ச்சொல்லே.

இனி அம்மொழியைச் சிறிது காண்போம். சிராவகர்தம் மூலகுணங்களில் விலக்கப்பெற்றவை மத்யம், மாம்ஸம், மது என்னும் மூன்று. மது என்பது இங்குத் தேனைக் குறிக்கும். மூன்றும் மகரத்தில் தொடங்குதலின் பிள்ளைகள் எளிதில் மனங்கொள்வர். லிதுவேனிய மொழி வடமொழிக்கு உறவான மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது; நெருப்பு அங்கே "உக்னிஸ்", மகன் "ஸூனுஸ்". அம்மொழியில் இறைச்சிக்குப் பெயர் "மேஸா". தேனுக்குப் பெயர் "மெதுஸ்". தேனைப் புளிக்கவைத்து வடிக்கும் பழைய மதுவுக்குப் பெயர் "மிதுஸ்". நம் மூன்று மகரங்களும் ஏழு கடல் கடந்தும் மகரமாகவே நிற்கின்றன. தேனைக் குறித்த "மது" என்னும் சொல் நம்மிடையே கள்ளைக் குறிக்கலாயிற்று. அங்கும் தேனின் பெயரோடு உறவுடைய சொல்லே ஒரு மதுவுக்குப் பெயராயிற்று.

அடுத்து இலக்கணம். நமக்கு நன்னூல் அருளிய பவணந்தி முனிவர் சமணர் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூர்வோம். அந்நூல் எட்டு வேற்றுமை கூறும். லிதுவேனியத்தில் வேற்றுமை ஏழு. விளிவேற்றுமையும் அவற்றுள் அடங்கும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவன் மலைக்கும் இடத்தில், உருபேற்றுச் சொல்லின் ஈறு மாறும் என்பதைத் தாய்ப்பாலோடு அறிந்த தமிழ்ப் பிள்ளை மலைக்க வேண்டுவதில்லை.

நமக்கு முதன்மையாக வேண்டிய சொல் "பெ" என்பது. "அன்பு" என்னும் சொல்லில் பகரம் மெலிந்து ஒலிப்பதுபோல் இதனை ஒலித்தல் வேண்டும். "இன்றி" என்பது இதன் பொருள். நாம் பெயருக்குப் பின் சொல்வதை அவர்கள் முன் சொல்வர். அதனைத் தொடரும் பெயரின் ஈறு மாறும். "மேஸா" இறைச்சி, "பெ மேஸோஸ்" இறைச்சியின்றி. "கெவ்ஷினிஸ்" முட்டை, "பெ கெவ்ஷின்யூ" முட்டைகள் இன்றி. "ஜுவிஸ்" மீன், "பெ ஜுவியெஸ்" மீனின்றி. "மெதுஸ்" தேன், "பெ மெதவ்ஸ்" தேனின்றி. வெங்காயமும் பூண்டும் விலக்குவோர் "பெ ஸ்வோகூனூ", "பெ செஸ்நாக்கோ" என்பர். "அஷ் நெவல்கவ் மேஸோஸ்" என்றால், "நான் இறைச்சி உண்பதில்லை" என்பது பொருள். முன்னே "ப்ரஷவ்" என்று வேண்டுகோளும், முடிவில் "ஆச்சூ" என்று நன்றியும் சொல்க. நன்றிச்சொல் தும்மல்போல் ஒலிப்பதால் ஒருமுறை கேட்டவர் மறவார்.

சொல் அறிந்தால் மட்டும் போதாது; உணவின் அமைப்பையும் அறிதல் வேண்டும். "செபெலினய்" என்பது அந்நாட்டார் பெருமையாகக் கருதும் உணவு. துருவிய உருளைக்கிழங்கால் ஆன பெரிய கொழுக்கட்டை அது. வான்கப்பலின் வடிவினதாதலால் அப்பெயர் பெற்றது. உள்ளே பெரும்பாலும் பன்றியிறைச்சி வைப்பர். "வர்ஷ்கே" என்னும் பாற்கட்டிப் பூரணம் வைத்தும் செய்வர். அதனைத் தேர்ந்து, தப்பினோம் என்று மகிழ்ந்திருக்கும் வேளையில், மேலே பன்றிக்கொழுப்பை வறுத்துத் தூவிக் கொணர்தலும் உண்டு. அதற்குப் பெயர் "ஸ்பிர்குச்செய்". ஆகவே உள்ளிருப்பதைக் கேட்பதோடு மேலிடுவதையும் கேட்டல் வேண்டும். கோடையில் "ஷல்திபர்ஷ்ச்செய்" என்னும் இளஞ்சிவப்பு நிறக் குளிர்சாறு கிடைக்கும். புளித்த பால், பீட்ரூட், வெள்ளரி இவற்றால் ஆனது. ஆனால் வேகவைத்த முட்டையை அரிந்து இடுவது வழக்கம். காய்கறிச் சாறு என்று எழுதப்பட்டிருப்பினும் இறைச்சி வேகவைத்த நீரில் ஆக்கியிருக்கக்கூடும். கிழங்கு விலக்கும் நோன்புடையோர்க்கு இவ்விரு பேருணவுகளுமே ஆகா. கம்பு மாவையொத்த நிறமுடைய "ரை" தானியத்தின் கருப்பு ரொட்டியும், கஞ்சி வகையும், பழங்களுமே அவர்க்குத் துணை.

மற்றொன்று இரவுண்ணாமை. வில்னியுஸ் நகரில் திசம்பர்த் திங்களில் பகல் ஏறத்தாழ ஏழேகால் மணி நேரமே; மாலை நான்கு மணிக்குமுன் கதிரவன் மறைவான். சூன் திங்களிலோ இரவு பத்து மணியளவில்தான் மறைவான். குளிர்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே உண்டு முடிக்கவேண்டும். கோடையில் எட்டு மணி விருந்துக்கும் தடையின்றிச் செல்லலாம். நோன்பு கடிகாரத்தை நோக்குவதன்று, கதிரவனை நோக்குவது என்பதை நம் பிள்ளைகள் அங்கேதான் முழுமையாக உணர்வர்.

அன்பர்களே, முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் பாஷா சமிதி என்பது சொல்லில் விழிப்பு. ஏஷணா சமிதி என்பது உணவு ஏற்றலில் விழிப்பு. இல்லறத்தார்க்கு அவை அவ்வளவில் விதிக்கப்பெறவில்லை. எனினும் அயல்நாட்டு உணவகத்தில் அமர்ந்த சிராவகனிடத்தில் இவ்விரண்டும் ஒன்றாகின்றன. அவன் கேட்கும் முறையே அவன் உண்ணும் முறையைக் காக்கின்றது. வெட்கத்தால், "மருத்துவர் விலக்கினார்" என்று பொய் கூறினால் உணவு தூய்மையாகலாம்; வாய்மை கெடும். பிறர் தட்டைக் கண்டு முகஞ்சுளித்தால் இரண்டும் நின்றும் பயனில்லை. உடன் உண்பார் மனம் புண்பட்டிருக்கும். அவர்தம் தாய்மொழியில், இன்முகத்தோடு, "இது இன்றித் தாருங்கள்" என்று கேட்பவனுக்கு நோன்பும் நிற்கும், வாய்மையும் நிற்கும், நட்பும் நிற்கும்.

இது நம் மரபுக்குப் புதியதன்று. நம் ஆசாரியர்கள் சென்ற நாட்டு மொழியையே அறம் உரைக்கும் மொழியாக்கினர். பொன்னூர்மலையோடு மரபு தொடர்புறுத்தும் குந்தகுந்தர் பிராகிருதத்தில் எழுதினார். தமிழகத்தில் வாழ்ந்தோர் தமிழுக்கு இலக்கணமும் நிகண்டும் தந்தனர். சென்ற இடத்து மொழியைக் கற்றல் அவர்க்கு அறத்தின் ஒரு கூறாகவே இருந்தது.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். இப்பயிற்சி வில்னியுஸில் தொடங்குவதன்று, இத்திருவண்ணாமலையில் தொடங்குவது. கிரிவலப் பாதையில் அயல்நாட்டார், "காரம் வேண்டாம்" என்று தமிழில் கேட்டு உண்பதை நாம் காண்கிறோம். நம் பிள்ளையோ இவ்வூர் உணவகத்தில், "இந்தக் குருமாவில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று தன் தாய்மொழியில் கேட்கத் தயங்கி நம் முகத்தைப் பார்க்கிறான். அடுத்தமுறை நாம் கேட்காமல், அவனைக் கேட்கவிடுவோம். எதை விலக்குகிறோம், ஏன் விலக்குகிறோம் என்பதை இரண்டு வாக்கியத்தில் தமிழில் சொல்லப் பழகியவனுக்கே அவற்றை வேற்று மொழியில் சொல்லவும் வரும். காரணம் அறியாதவன் கையில் நூறு அயற்சொற்களைக் கொடுத்தாலும் பயன் விளையாது.

பயணம் உறுதியான பிள்ளைகள் நான் கூறிய சொற்களை ஒரு சிறு அட்டையில் எழுதிக்கொள்க. சென்ற முதல் வாரத்தில், உடன் பயிலும் அந்நாட்டு மாணவர் ஒருவரிடம் காட்டி ஒலிப்பையும் ஈறுகளையும் திருத்திக்கொள்க. அவ்வாறு திருத்தித் தருபவரே உங்கள் முதல் நண்பராகவும் அமைவார்.

 அறம் வளர்க, எவ்வுயிரும் இன்புறுக. ஜய ஜினேந்திரா.