கதவில் இரையும் காற்றைக் கவனியுங்கள்

(திருகோணமலை நகரில் சாரதி அங்கத்தவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



மலையிலிருந்து இந்தத் துறைமுக நகரத்துக்கு நாம் இரண்டு காரியமாக வருகிறோம். ஒன்று பிழைப்பு. சீனன்குடா மாவாலையில் மா மூட்டை ஏற்றவும், சீமெந்து ஏற்றவும் தோட்டத்துப் பிள்ளைகள் லொறியோடு வருகிறார்கள். மற்றது கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் குடும்பமாக வான் பிடித்து வருவது. இரண்டுக்கும் பாதை ஒன்றுதான். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். கண்டியிலிருந்தே ஏறத்தாழ 180 கிலோமீட்டர். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் என்றால் 1,800 மீட்டருக்கு மேலே இருந்து கடல் மட்டத்துக்கு இறங்கி வருகிறோம். மேலே பனியும் மழையும், கீழே வெயிலும் கச்சான் காற்றும், கார்த்திகை மார்கழியில் வாடை மழையும். இத்தனையையும் வண்டிக் கதவின் ஒரு விரல் தடிப்பு றப்பர்தான் தாங்குகிறது.

சம்பளத்தையும் காணியையும் பற்றிப் பேசும் மேடையில் கதவு இடுக்கைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் சிரிக்கலாம். சாரதி ஆசனம் ஒரு வேலைத்தலம். கொழுந்து மலையில் அட்டையும் குளவியும் எப்படி எங்கள் விடயமோ, அப்படியே லொறிக்குள் வருகிற காற்றும் எங்கள் விடயம்தான்.

இதில் மூன்று கெடுதல் இருக்கிறது.

முதலாவது களைப்பு. காதுக்குப் பக்கத்தில் ஐந்தாறு மணி நேரம் காற்று விசிலடித்தால், மூட்டை தூக்காமலே உடம்பு சோர்ந்துவிடும். பின்னால் வருகிற வண்டியின் ஹோர்ன் கேட்காது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை கடக்கிற பாதை. அங்கே சாரதிக்குக் கண்ணும் வேண்டும், காதும் வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். காற்று நுழைகிற இடத்தில் மழையும் நுழையும். தரை விரிப்புக்கு அடியில் தண்ணீர் தங்கினால் தகடு உக்கும். கடற்கரை ஊரில் நிற்கிற வண்டிக்கு உப்புக் காற்றும் சேர்ந்து அந்த வேலையைச் சீக்கிரமாக்கிவிடும்.

மூன்றாவதுதான் உயிரோடு சம்பந்தப்பட்டது, புகை. ஓடுகிற வானுக்குப் பின்னால் காற்று சுழன்று நிற்கும். சைலன்சர் புகையும் அந்தச் சுழலில்தான் மாட்டும். பின் கதவு றப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் புகை உள்ளே வரும். முன் ஆசனத்துக்கு அடியில் இன்ஜின் உள்ள பழைய வான்களில், இன்ஜின் மூடியின் றப்பர் போயிருந்தாலும் அப்படித்தான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. பெற்றோல் புகையில் காபனோரொட்சைட்டு அதிகம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, மயக்கம், வாந்தி, தூக்கம் என்றுதான் அது தன்னைக் காட்டும்.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். வளைவுப் பாதையில் பிள்ளை வாந்தி எடுத்தால் பயண மயக்கம் என்று தேசிக்காயை மணக்கக் கொடுக்கிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பின் ஆசனத்தில் இருக்கும் மூன்று நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்து, வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அது குறைந்தால், புகையைச் சந்தேகியுங்கள். வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லோரும் வெளியே இறங்குங்கள். ஒருவர் நினைவு தடுமாறினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். நிற்கிற வண்டியில் கதவு நன்றாகத்தான் மூடியிருக்கும். அறுபதைத் தாண்டினதும் சத்தம் தொடங்கும். கராஜில் காட்டினால் “ஒன்றும் இல்லையே” என்பார்கள். வேகமாக ஓடும்போது கண்ணாடியை ஒட்டி வெளியே பாய்கிற காற்றின் அமுக்கம் குறைகிறது. அது கதவின் மேல் சட்டத்தையும் கண்ணாடியையும் வெளிப்பக்கம் இழுக்கிறது. மயிரளவு இடுக்கு அப்போதுதான் திறக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். கொழுந்தை மெல்லிசாகப் பரப்பிய இடம் ஒன்று இருந்தால், விசிறிக் காற்று அந்த வழியாக ஓடிவிடும். வண்டியிலும் காற்று மெலிந்த இடத்தைத்தான் தேடும். ஆகவே காசு செலவழிக்க முன் அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். நான்கு கதவுக்கும் புது றப்பர் போட்டும் சத்தம் போகாத வண்டிகள் நிறைய உண்டு.

கண்டுபிடிக்க விலை கூடிய சாமான் எதுவும் வேண்டாம்.

ஒரு கடதாசித் துண்டைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் அந்த இடத்தில் றப்பர் அழுந்துகிறது. வழுக்கி வந்தால் அழுந்தவில்லை. ஒரு சாண் இடைவெளியில் கதவைச் சுற்றிவரப் பாருங்கள்.

இரவில் ஒருவர் உள்ளே இருந்து டோர்ச் லைட்டை றப்பர் ஓரமாக மெதுவாகப் பிடித்துக்கொண்டு போகட்டும். வெளியே நிற்பவர் வெளிச்சம் தெரிகிற இடத்தில் சோக்கால் அடையாளம் போடட்டும்.

புளோவரை வெளிக்காற்று எடுக்கும்படி முழு வேகத்தில் போட்டு, கண்ணாடிகளை மூடி, வெளியே இடுக்கு நெடுகச் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் காற்று கசிகிற இடத்தில் நுரை கிளம்பும்.

எல்லாவற்றிலும் நல்லது டேப் பரிசோதனை. பெயின்ட் அடிக்கும்போது ஒட்டுகிற கடதாசி டேப்பால் இடுக்குகளை வெளியே ஒட்டி மூடுங்கள். சத்தம் நின்றால், ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, அதே பாதையில் அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள். எந்தத் துண்டைக் கழற்றியதும் சத்தம் திரும்புகிறதோ அதுதான் இடம். பக்கக் கண்ணாடியின் அடிப்பகுதியையும் கூரைக் கம்பியையும் மறக்காதீர்கள். கூரைக் கம்பி விசிலடிக்கும், ஆனால் உள்ளே காற்று வராது. அதற்காகக் கதவைப் பிரிக்கத் தேவையில்லை.

இடம் தெரிந்த பிறகு காரணத்தைப் பாருங்கள்.

கதவைப் பாதி திறந்து, கைபிடிப் பக்கம் மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் பிணைச்சல் ஆணி தேய்ந்து கதவு தொங்கிவிட்டது. முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். தொங்கிய கதவுக்கு எந்த றப்பரும் பொருந்தாது.

பிணைச்சல் நல்லதென்றால், லொக் போய்க் கவ்வுகிற இரும்பைப் பாருங்கள். கராஜில் ஸ்ட்ரைக்கர் என்பார்கள். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, போல்டைக் கொஞ்சம் இளக்கி, ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, இறுக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் இத்தோடு சத்தம் நின்றுவிடும். செலவு அரை மணி நேரம். அளவுக்கு மிஞ்சித் தள்ளினால் கதவு முதல் கொளுவலில் நின்றுவிடும், இரண்டாவது கொளுவலுக்குப் போகாது. அப்படி நிற்கிற கதவு வளைவில் திறந்துகொள்ளக்கூடும். வேலை முடிந்ததும் இரண்டு “டக்” சத்தமும் கேட்கிறதா என்று பாருங்கள்.

றப்பர் தட்டையாகி, வெடித்து, கல்லாகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த கன்றுகளிலிருந்து இந்த நாட்டு றப்பர் தொடங்கியது. களுத்துறையிலும் கேகாலையிலும் பால் வெட்டுகிற நம் தோழர்களுக்குத் தெரியும், இயற்கை றப்பரை வெயிலில் விட்டால் வெடித்துவிடும். அதனால் இன்றைய கதவு பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்கிற செயற்கை றப்பர். கடைக்குப் போகும்போது பழைய பீடிங்கில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டு போங்கள். வெட்டு முகம் ஒன்றாக இருக்க வேண்டும். மெல்லிய ஸ்பொஞ்ச் டேப்பை ஒட்டினால் ஒரு பருவம்கூடத் தாங்காது.

பீடிங் ஏறுகிற தகட்டு விளிம்பில் துரு இருந்தால் சுரண்டி, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். பிறகு கதவின் அடிப்பக்க நடுவில் தொடங்கி ஏற்றுங்கள். இழுத்து ஏற்றாதீர்கள். இழுத்த றப்பர் சுருங்கி மூலையில் இடுக்கு விடும். முடிவில் அரை சென்ரிமீட்டர் கூடுதலாக வெட்டி, இரண்டு முனையையும் முட்ட வைத்து அமுக்குங்கள். கதவைச் சாத்தி ஓர் இரவு விட்டுவிடுங்கள். முதல் சில நாள் கொஞ்சம் அழுத்தித்தான் சாத்த வேண்டிவரும்.

கண்ணாடி ஏறி இறங்குகிற பள்ளத்தில் மண் சேர்ந்தால் கண்ணாடி கடகடக்கும். துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்து, சிலிக்கன் ஸ்பிரே அடியுங்கள். இன்ஜின் ஒயிலும், கிறீசும், மண்ணெண்ணெயும் வேண்டாம். அவை பட்டால் றப்பர் ஊதி இளகிப் போகும்.

இன்னும் மூன்று காரியம் செய்யாதீர்கள். கதவின் அடியில் உள்ள சிறிய ஓட்டைகளை அடைக்காதீர்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். கதவின் உட்பலகையைக் கழற்றும்போது அதன் பின்னால் ஒட்டியுள்ள பொலித்தீனைக் கிழித்தெறியாதீர்கள். காற்றும் தண்ணீரும் உள்ளே வராமல் மறைப்பது அதுதான். வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் பசையைத் தகட்டில் பூசாதீர்கள். அது துருவைக் கொண்டுவரும்.

புகைக்கு ஒரு வார்த்தை. சைலன்சர் ஓட்டையை அடைக்காமல் கதவு றப்பரை மட்டும் மாற்றினால் ஆபத்து மறையாது. முதலில் சைலன்சர், பிறகு றப்பர். பின் கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தபடி ஓடுவது புகையை உள்ளே அழைப்பதற்குச் சமம். கோயில் வாசலில் இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, வானுக்குள் பிள்ளைகளைத் தூங்கவைப்பதும் வேண்டாம்.

தோழர்களே, செலவு யாருடையது என்று கேட்பீர்கள். வண்டி உங்களுடையது என்றால் உங்களுடையது. முதலாளியின் வண்டியில் நாட்சம்பளத்துக்கு ஓடுகிறீர்கள் என்றால், தேய்ந்த றப்பர் முதலாளியின் செலவு. “கதவை அடித்துச் சாத்தி நீதான் கெடுத்தாய்” என்று சம்பளத்தில் பிடிக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்க இடம் தரவில்லை. அப்படிப் பிடித்தால் சம்பளச் சிட்டையோடு சங்கத்துக்கு வாருங்கள்.

வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுங்கள். எந்தக் கதவு, எந்த மூலை, எந்த வேகத்தில் சத்தம், மழை வருகிறதா, புகை வருகிறதா, என்றைக்குச் சொன்னீர்கள் என்று ஓடும் புத்தகத்தில் எழுதி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டேப் ஒட்டிப் பார்த்து இடத்தைக் காட்டினால் “ஒன்றும் இல்லையே” என்று யாரும் சொல்ல முடியாது.

குடும்பமாக வான் பிடிப்பவர்கள் முற்பணம் கொடுக்க முன் மூன்றைப் பாருங்கள். பின் கதவைச் சாத்திக் கடதாசியை இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கதவும் இரண்டு கொளுவலும் விழுந்து மூடுகிறதா என்று பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டுப் பின் ஆசனத்தில் ஐந்து நிமிடம் இருந்து புகை மணக்கிறதா என்று பாருங்கள். மணக்கவில்லை என்றாலும், முன்பு அந்த வானில் போனவர்களுக்குத் தலையிடி வந்ததா என்று விசாரியுங்கள். சாரதி கோபித்துக்கொண்டால் வேறு வான் பிடிக்கலாம். ஓட்டுகிறவரும் பெரும்பாலும் நம் ஆள்தான். அவருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். நாள் முழுக்க அந்தக் காற்றைச் சுவாசிக்கிறவர் அவர்.

கூட்டம் முடிந்ததும் வெளியே நிற்கிற வண்டிகளில் இந்தப் பரிசோதனைகளைச் செய்து பார்ப்போம். கடதாசியும் டேப்பும் டோர்ச்சும் இங்கே இருக்கின்றன. எல்லோரும் வாருங்கள், பெண்களும் வாருங்கள்.