தகவல் கேட்கக் கட்டணம் ஏன்?



சர்க்கார் காகிதத்தைப் பார்க்க ஜனங்கள் பணம் கட்ட வேண்டும் என்கிறார்களே, அதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன். அந்தக் காகிதம் யார் காசில் வாங்கியது? அதை எழுதின குமாஸ்தாவுக்குச் சம்பளம் கொடுத்தது யார்? நாம்தானே! நம் பணத்துக்கு நாம் கணக்குக் கேட்பதற்கும் கூலி கொடுக்க வேண்டுமென்றால் இது எந்த ஊர் நியாயம்?

1996-ல் ராஜஸ்தானத்தில் பியாவர் என்ற ஊரில் ஏழைக் கூலி ஜனங்கள் 40 நாள் தர்ணா இருந்தார்கள். சோற்றுக்காக அல்ல, கூலிப் பட்டியல் முதலிய கணக்குகளின் நகலுக்காக. பார்த்துக்கொள், நகல் கிடையாது என்றது அந்தச் சர்க்கார். இப்படிப்பட்டவர்கள் பட்ட பாட்டினால்தான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததே ஒழிய, எந்த மந்திரியும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல.

அச்சட்டத்தின் 7(5) பிரிவு கட்டணம் நியாயமாயிருக்க வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவரிடம் வாங்கவே கூடாது என்கிறது. மத்திய சர்க்கார் விதிப்படி மனுவுக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். இதுவா பெரிய தொகை என்பார்கள் சில கனவான்கள். அலகாபாத் ஹைகோர்ட்டு மனு ஒன்றுக்கு 500 ரூபாய் என்று விதி செய்து வைத்திருந்ததே, அதற்கு என்ன பதில்? நீதி சொல்லும் இடத்திலேயே இந்தக் கதி! மனுவுக்கு 50, பக்கத்துக்கு 5 ரூபாய்க்கு மேல் சாதாரணமாகப் போகக் கூடாதென்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று. ஏழைக்கு விலக்கு என்றாலும் அத்தாட்சி நகல் வைக்க வேண்டும். அதற்கு அலைகிற ஒரு நாள் கூலி 10 ரூபாயைவிடப் பெரிதல்லவா?

ஆனால் 7(6) என்று ஒரு பிரிவு இருக்கிறது. 30 நாளுக்குள் தகவல் கொடுக்கத் தவறினால், பிறகு கேட்டவர் பணக்காரரானாலும் இனாமாகக் கொடுத்தாக வேண்டும். இதை எந்த உத்தியோகஸ்தராவது உங்களிடம் வலியச் சொல்வாரா? சிலர் 29-வது நாளில், இத்தனை ரூபாய் கட்டு என்று கடிதம் போடுவார்கள். கடிதம் அனுப்பிய நாள் முதல் நாம் பணம் கட்டும் வரை உள்ள காலம் 30 நாள் கணக்கில் சேராது. ஆகையால் தபால் உறையைக் கிழித்தெறியாமல் முத்திரைத் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் ஒரு காசும் கட்டாதீர்கள். தாண்டாவிட்டாலும், அந்தத் தொகை எப்படி வந்ததென்று கணக்குக் காட்டுவதும், கட்டணத்தின்மேல் யாரிடம் அப்பீல் செய்யலாம் என்று எழுதுவதும் அவர் கடமை.

நகலுக்குப் பணமில்லாதவர்களுக்கு ஒரு விஷயம். மத்திய சர்க்கார் ஆபீசுகளில் தஸ்தாவேஜுகளை நேரில் பார்க்க முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. குறிப்பெடுக்கவும் சட்டம் இடங்கொடுக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.